கூஸ் தொலைத்த மூக்கொலி

ஆங்கிலத்தில் வாத்து ஒன்று என்றால் கூஸ், பல என்றால் கீஸ். இதை ஒப்பித்த கையோடு, கீரியைக் குறிக்கும் மங்கூஸுக்கு ‘மங்கீஸ்’ என்று பன்மை எழுதிச் சிவப்பு மையில் சுழி வாங்கியவர்களில் நானும் ஒருவன். விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதன்படி நடந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்களே என்று அன்று கோபம் வந்தது. உண்மையில் அது விதியே இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு பேசிய நாக்குகள் விட்டுப்போன தடம்.

முதலில் பறவையைப் பார்த்துவிடுவோம். டக், கூஸ் இரண்டையும் நாம் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். கூஸ் பொதுவாக உருவில் பெரியது, கழுத்து நீண்டது, தரையேறிப் புல் மேய்வது. இனத்துக்கும் பெட்டைக்கும் கூஸ்தான் பெயர். ஆண் கேண்டர், குஞ்சு காஸ்லிங். தமிழ் மரபு இத்தனை பெயர்களுக்கு மெனக்கெடவில்லை. மயிலைத் தவிரச் சிறகுள்ள எதன் ஆணும் சேவல் எனலாம் என்று தொல்காப்பிய மரபியல் முடித்துவிடுகிறது. புறநானூற்றில் பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனிடம் தூது போகச் சொல்லி ‘அன்னச் சேவல், அன்னச் சேவல்’ என்று அழைப்பது இந்தக் கணக்கில்தான்.

கூஸும் கேண்டரும் ஒரே வேரில் பிறந்தவை. பிறகு ஏன் முகச்சாயல் இல்லை? அக்கம்பக்கத்து மொழிகளைக் கேட்டால் விடை கிடைக்கும். இதே பறவை ஜெர்மனில் கன்ஸ், இலத்தீனில் அன்ஸெர், சமஸ்கிருதத்தில் ஹம்ஸ. எல்லாவற்றிலும் ன், ம் போன்ற ஒரு மூக்கொலி இருக்கிறது. ஆங்கிலத்தின் முன்னோர் மட்டும் ஸ், ஃப் போன்ற உரசொலிகளுக்கு முன்னால் வரும் மூக்கொலியை விழுங்கிவிட்டார்கள். விழுங்கிய நேரத்தை ஈடுகட்ட, முன்னிருந்த உயிரொலியை நீட்டினார்கள். அப்படித்தான் கன்ஸ் என்பது கோஸ் ஆனது. ‘எங்களை’ என்பதற்கான ஜெர்மன் சொல் உன்ஸ், ஆங்கிலச் சொல் அஸ். அங்கும் இதே திருட்டு. கேண்டரில் மூக்கொலிக்குப் பின்னால் நிற்பது உரசொலி அல்ல, காற்றை முழுதாக அடைத்துத் திறக்கும் ‘ட’கரம். அதனால் அது பிழைத்துக்கொண்டது. மனைவி தொலைத்த குடும்ப நகையைக் கணவன் இன்னும் கழுத்தில் போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பன்மை. பழைய பன்மை வடிவத்தின் ஈற்றில் ஓர் இகரம் இருந்தது. ‘ஓ’ சொல்லும்போது நாக்கு பின்வாங்கும், உதடு குவியும். ‘இ’ சொல்ல நாக்கு முன்னேறி உயர வேண்டும். வரப்போகும் இகரத்துக்கு நாக்கு முன்கூட்டியே தயாரானதில், ஓகாரமும் முன்னுக்கு நகர்ந்து கடைசியில் ஏகாரமாகிவிட்டது. பிறகு ஈற்றிலிருந்த இகரம் தேய்ந்து மறைந்தது. அது செய்துவிட்டுப் போன மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ஒருமை கோஸ், பன்மை கேஸ். சில நூற்றாண்டுகள் கழித்து ஆங்கில நெடில்கள் மொத்தமாக இடம்பெயர்ந்தபோது இவை கூஸ், கீஸ் ஆயின. ஃபுட்–ஃபீட், டூத்–டீத், மவுஸ்–மைஸ் எல்லாம் இதே பட்டறையில் அடித்தவை.

நமக்கு இது புதிதல்ல. ‘இலை’ என்று எழுதுகிறோம், ‘எலை’ என்று பேசுகிறோம். ‘உடம்பு’ பேச்சில் ‘ஒடம்பு’ ஆகிறது. அடுத்த அசையில் வரும் ஒலிக்காக நாக்கு முன்பே இறங்கிவிடுவதுதான் இதுவும். வேறுபாடு, ஆங்கிலத்தில் அது எழுத்துக்குள்ளும் ஏறிவிட்டது.

மங்கூஸ் இந்தக் கூத்து நடந்தபோது ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. மராத்தியில் முங்கூஸ் என வழங்கிய சொல், 17ஆம் நூற்றாண்டில்தான் கப்பலேறியது. வட அமெரிக்க மான் வகையான மூஸும் அதே நூற்றாண்டில் அங்குள்ள பழங்குடி மொழியொன்றிலிருந்து வந்தது. அதற்கும் ‘மீஸ்’ கிடையாது. இன்னும் வேடிக்கை, தையற்காரரின் கனத்த இஸ்திரிப்பெட்டிக்கும் கூஸ் என்று பெயருண்டு, வாத்தின் கழுத்தைப் போல வளைந்த கைப்பிடிக்காக. அது பல இருந்தால் கீஸ் அல்ல, கூஸஸ். பழைய பன்மை பறவைக்கு மட்டுமே சொந்தம். பெயரை இரவல் வாங்கிய பொருளுக்கு இல்லை.

கூட்டத்துக்கும் சொற்கள் உண்டு: தரையில் நின்று கத்தினால் கேகல், அணிவகுத்துப் பறந்தால் ஸ்கெய்ன். முன்னது அவற்றின் சத்தம், பின்னது நூற்கண்டு. நூல் என்றதும் காஸமர் நினைவுக்கு வருகிறது. மெல்லிய சல்லாத் துணியையும், காற்றில் மிதக்கும் சிலந்தி இழையையும் குறிக்கும் இந்தச் சொல் ‘கூஸ் கோடை’ என்பதன் தேய்ந்த வடிவம். ஐரோப்பாவில் கொழுத்த வாத்துகளை அடித்துச் சமைக்கும் நவம்பரில், நடுவே சில நாட்கள் இளவெயில் அடிப்பதுண்டு. குட்டிச் சிலந்திகள் இழை விட்டு அதைப் பிடித்துக்கொண்டு பறப்பது அப்போது கண்ணில் படும். வாத்துப் பருவத்தின் பெயர் இழைக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான் என்பது பரவலான விளக்கம்.

எனக்குப் பிடித்த சொல் பார்னக்கிள். பார்னக்கிள் கூஸ் குளிர்காலத்தில் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் வரும், கோடையில் காணாமல் போகும். முட்டையிடுவது கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட் போன்ற துருவப் பகுதிகளில். அந்தக் காலத்தில் கூட்டைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் கரையொதுங்கும் மரத்துண்டுகளில், கழுத்தைப் போன்ற காம்பும் இறகைப் போன்ற இழைகளும் உள்ள ஓட்டுயிரிகள் தொங்கின. முடிச்சு போட்டுவிட்டார்கள்: வாத்து அதிலிருந்துதான் பிறக்கிறது! 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்டு ஆஃப் வேல்ஸ் என்ற பாதிரியார் இதைக் கண்ணால் கண்டதாகவே எழுதினார். சதையில் பிறக்காத பறவை என்று சொல்லி, அயர்லாந்தின் ஆயர்கள் (பிஷப்புகள்) சிலர் இறைச்சி விலக்கிய நோன்பு நாட்களிலும் அதைச் சாப்பிட்டதையும் குறித்துவைத்தார். அந்த உயிரி நண்டுக்கும் இறாலுக்கும் உறவு, தமிழில் கொட்டலசு. ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்ற பெயர் முதலில் பறவைக்குத்தான் இருந்தது. கதையின் புண்ணியத்தில் 16ஆம் நூற்றாண்டில் அது ஓட்டுயிரிக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று பார்னக்கிள் என்றால் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டுகிறவர்களுக்கு வாத்து நினைவே வருவதில்லை.