500 சிசி என்றால் எல்லாம் ஒன்றா?

போன வாரம் ஒரு தம்பி ஊன்றுகோலோடு பட்டறைக்கு வந்தார். வலது கணுக்காலில் மாவுக்கட்டு. வேனுக்குள் அவருடைய பழைய பிரிட்டிஷ் பைக், பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் கேட்டலினா. ஸ்டார்ட் செய்ய உதைத்தபோது கிக்கர் திருப்பி அடித்திருக்கிறது. இந்தக் கோடையில் என்னிடம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது.

“ஏரியல் எச்டி5 தேடினேன் அண்ணா, கிடைக்கல. இதுவும் 500 சிசி சிங்கிள் சிலிண்டர்தானே, சேத்துல ஓடுற வண்டிதானே.”

இந்தத் ‘தானே’ இருக்கிறதே, அதுதான் என் உயிரை வாங்குகிறது.

இரண்டும் பர்மிங்ஹாம் வண்டிகள்தான். ஏரியல் செல்லி ஓக்கில் பிறந்தது, பிஎஸ்ஏ ஸ்மால் ஹீத்தில். ஏரியலையே பிஎஸ்ஏ விலைக்கு வாங்கியிருந்ததால் முதலாளியும் ஒருவரே. உறவு அதோடு சரி. கேட்டலினா ஸ்கிராம்பிள் வண்டி. மேட்டில் பறந்து, சேற்றை வாரியடித்து, முதலில் வர வேண்டும். 1956இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் கேட்டலினா தீவுப் பந்தயத்தில் சக் மைனர்ட் பிஎஸ்ஏவில் ஜெயித்தார். அந்தப் பெயர்தான் இது. எச்டி5 டிரையல்ஸ் வண்டி. அங்கே வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறையிலும் ஓடையிலும் ஆள் நடக்கிற வேகத்தில் ஏற வேண்டும், காலை ஊன்றினால் புள்ளி போச்சு.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அளவை, குறைத்து, பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் கேட்டலினா டிரையல்ஸ் வண்டி ஆகிவிடாதா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். ஆகாது. எச்டி5இன் உயிர் அதன் ஃப்ளைவீலில், எஞ்சினோடு சுழலும் அந்தக் கனமான சக்கரத்தில் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை அநேகமாக மூடிவிட்டாலும் ‘தொம்... தொம்...’ என்று ஒவ்வொரு அடியாக ஏறும். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் டயர் ஈரக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். கோல்ட் ஸ்டார் எஞ்சின் சுழலத் துடிப்பது. அதை அந்தக் கல்லில் விட்டால் டயர் வழுக்கும், நீங்கள் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடுவீர்கள், மதியத்துக்குள் கிளட்ச் தகடு கருகி என்னிடம் வரும். ஹேண்டில் எவ்வளவு திரும்பும், கால்கட்டை எங்கே இருக்கும், கியர் விகிதம் என்ன, எல்லாமே வேறு. டிரையல்ஸ் வீரர் சாமி மில்லர், ஜிஓவி 132 என்ற நம்பர் பலகை கொண்ட தன் எச்டி5இல் ஆண்டுக்கணக்காக எடையைச் செதுக்கிச் செதுக்கித்தான் 1962இலும் 1964இலும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையல்ஸை ஜெயித்தார். அத்தனைக்கும் ஏரியல் நிறுவனம் எச்டி5 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் தயாரிப்பையே அதற்குள் நிறுத்திவிட்டிருந்தது.

தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. எச்டி5ஐ ஸ்கிராம்பிள் மேட்டில் பறக்கவிட்டு, வளைந்த ஃபோர்க்கோடு வந்து, “பிரிட்டிஷ் இரும்பாச்சே” என்கிறார்கள். இரும்பும் வளையும், ஐயா.

கோல்ட் ஸ்டார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுவது மேக்னெட்டோ லீவர்; உதைப்பதற்கு முன் அது ரிடார்ட் பக்கம், அதாவது பொறி தாமதமாக விழும் பக்கம், இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பொறி முந்தினால்தான் கிக்கர் திருப்பி அடிக்கும். கம்ப்ரஷன் தட்டுப்படும் வரை கிக்கரை மெல்ல இறக்கி, அதைச் சற்றே தாண்டி நிறுத்தி, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு உடம்போடு கடைசிவரை உதையுங்கள். பாதி உதைதான் எலும்பை முறிக்கும். கேன்வாஸ் ஷூ வேண்டாம், கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள். செருப்போடு உதைத்தவரையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டிலும் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். நம்மூர்ப் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குப் பழக்கம் இருக்கும். மற்றவர்கள் காலி மைதானத்தில் ஒரு நாள் முழுக்கப் பழகிவிட்டு இறங்குங்கள். அவசரத்தில் கால் பழைய இடத்துக்கே போகும். பொருந்தாத மெட்ரிக் ஸ்பேனரை வைத்து இந்த வண்டிகளின் நட்டுகளை மழுங்கடிக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி கேட்டலினாவை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மேக்னெட்டோ லீவரின் கேபிள் தளர்ந்து கிடந்தது, சரிசெய்து வைத்திருக்கிறேன். கட்டு அவிழ்ந்ததும் வரட்டும், பூட்ஸோடு.