அந்தக் கடைசி அரைச் சுற்று வேண்டாம்

ஒயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் புரி தேய்ந்து, எஞ்சினின் அடியில் வெள்ளை டேப்பும் எபோக்சிப் பசையும் அப்பிய நிலையில் இந்தக் கிழமையும் ஒரு பைக் கராஜுக்கு வந்திருக்கிறது. எஞ்சினில் வேறொரு குறையும் இல்லை. வீட்டில் ஒயில் மாற்றியவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருக்கிறார். கடைசியில் "கழலாமல் இருக்கட்டும்" என்று இன்னும் ஓர் அரைச் சுற்று இறுக்கியிருக்கிறார். கெட்டது அங்கேதான்.

சின்னத் திருத்த வேலைகளை வீட்டில் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் உங்கள் பைக்கின் வயதையும் பாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதுவரை கொழும்பில் இருந்த பைக்குகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். பத்து வருடமாகப் பல கைகள் கழற்றிப் பூட்டிய அலுமினியப் புரி, புதுப் புரியைப் போல உங்கள் பலத்தைத் தாங்காது.

எத்தனை தரம் சொன்னாலும் மாறாத நம்பிக்கை ஒன்று இருக்கிறது: எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது. போல்ட் ஒரு மிக விறைப்பான ஸ்பிரிங். இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீளும். திரும்பிச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், பிடி தளரும். போல்ட் இரும்பு, எஞ்சின் பெட்டி அலுமினியம் என்றால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, பெட்டியின் புரிதான் உரிந்து வரும். ஒயில் கசியாமல் அடைப்பது வாஷரின் வேலை. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, அது மறுபடி நசுங்கி அடைக்காது. அதனால்தான் "இறுக்க இறுக்க ஒழுகுது" என்கிறீர்கள். ஒவ்வோர் ஒயில் மாற்றத்துக்கும் புது வாஷர் போடுங்கள். அதன் விலை பெரிதாக வராது.

எவ்வளவு இறுக்க வேண்டும்? ஹொண்டா கைநூல்கள் சாதாரண போல்ட்டுகளுக்குத் தரும் பொது அளவுகள் இவை: 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அலகு), 8க்கு 22, 10க்கு 34. இது போல்ட்டின் தண்டு விட்டம். அவற்றின் தலைக்குப் பெரும்பாலும் முறையே 10, 12, 14ஆம் இலக்க ஸ்பேனர் பொருந்தும். ஸ்பேனர் இலக்கத்தைப் போல்ட்டின் விட்டம் என்று நினைத்தே பல புரிகள் போயிருக்கின்றன. பல சிறிய ஹொண்டா எஞ்சின்களின் ட்ரெயின் போல்ட்டுக்கு 24. உங்கள் பைக்குக்கு உரியதை அதன் கைநூலில் பாருங்கள். 20 சென்ரிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 24 என்பது ஏறத்தாழ 12 கிலோ பலம், அதாவது ஒரு கையின் சாதாரண இழுவை. எழும்பி நின்று உடம்பைச் சாய்த்து 40 கிலோ கொடுத்தால் 80 நியூட்டன் மீட்டர் போய்விடும், மூன்று மடங்குக்கும் மேல். ஸ்பேனரில் குழாய் செருகுகிறவர்களுக்குக் கணக்கே தேவையில்லை.

டோர்க் ரென்ச், அதாவது வைத்த அளவுக்கு இறுக்கியதும் 'கிளிக்' என்னும் ஸ்பேனர், வாங்கினால் 5 முதல் 25 வரை அளக்கும் சிறியதை வாங்குங்கள். கார் வீல் நட்டுக்கான 40–200 ரென்ச்சால் பைக் எஞ்சினைத் தொடாதீர்கள். அதற்குச் சிறிய அளவு தெரியாது. முதல் 'கிளிக்' கேட்டதும் கையை எடுங்கள். உறுதிப்படுத்த இரண்டாம் முறை கிளிக் பண்ணுவதும் இறுக்குவதுதான். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். அலகையும் கவனியுங்கள்: 24 நியூட்டன் மீட்டர், 2.4 கிலோகிராம் மீட்டர், 18 அடி இறாத்தல் எல்லாம் ஒன்றே.

ஸ்பார்க் பிளக்கைக் கையால் திருகி உள்ளே அனுப்புங்கள், ஸ்பேனரால் தொடங்கவே வேண்டாம். வாஷர் உள்ள புதுப் பிளக் விரலுக்கு முட்டியபின் சுமார் அரைச் சுற்று. அதே பிளக்கைத் திரும்பப் பூட்டினால் மணிக்கூட்டில் ஒரு மணி நேர இடைவெளி அளவு போதும்.

சாமான் விஷயம். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் குறடும் போல்ட் தலையை உருட்டையாக்கும் கருவிகள். 8, 10, 12, 14, 17 ரிங் ஸ்பேனர்களும் அறுகோண சொக்கெட்டுகளும் இருந்தால் வீட்டு வேலைகளில் பெரும்பகுதி முடியும். ஜப்பான் பைக்கில் நட்சத்திர ஸ்குரூவின் தலையில் சின்னப் புள்ளி தெரிந்தால் அது ஜப்பான் தரம். சாதாரண நட்சத்திர ஸ்குரூ டிரைவர் அதில் ஆழமாக உட்காராது, வழுக்கிக்கொண்டு மேலே வரும். பிரேக் ஒயில் கிண்ண மூடியின் ஸ்குரூக்கள் நாசமாவது இப்படித்தான். பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது ஜப்பான் தர டிரைவரில் இரண்டாம், மூன்றாம் இலக்கங்களைக் கேட்டு வாங்குங்கள். பத்தில் ஏழு பங்கு பலம் அமுக்குவதற்கு, மூன்று பங்கு திருப்புவதற்கு.

இனிச் செயின். தயவுசெய்து, எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டுச் செயின் துடைக்காதீர்கள். "மெதுவாத்தானே சுத்துது" என்பார்கள். முதல் கியரில் ஐட்லிங்கில்கூட ஒரு 100 சிசி பைக்கின் செயின் செக்கனுக்கு ஓரடி அளவில் ஓடும். துணியின் நூல் ஸ்பொக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரத்தில்) மாட்டினால் துணியை விடும் முன் விரல் உள்ளே போய்விடும். துண்டாகிப் போன விரலுக்கு எந்த ஸ்பேனரும் இல்லை. சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், சில்லைக் கையால் சுற்றுங்கள், பிரஷ்ஷை ஸ்பொக்கெட்டிலிருந்து விலக்கி நடுச் செயினில் பிடியுங்கள். கழுவ மண்ணெண்ணெய் போதும், பெற்றோல் வேண்டாம்.

தொய்வு பல சிறிய பைக்குகளுக்கு 20–30 மில்லிமீட்டர். சில்லைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் அளந்து பாருங்கள். இங்கும் "டைட்டா இருந்தா நல்லம்" என்ற அதே பழக்கம் வரும். பின்னால் ஆள் ஏறியதும் செயின் இன்னும் இழுபடும், தொய்வே இல்லாவிட்டால் பெயாரிங் சாகும். செயின் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

பலரும் மறப்பது இது: செயினை இறுக்கச் சில்லைப் பின்னே தள்ளும்போது பின் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபடுகிறது. பிரேக் உராய்ந்துகொண்டே ஓடிச் சூடாகும். மிதியில் 20–30 மில்லிமீட்டர் இடைவெளியைத் திரும்ப வையுங்கள், பிரேக் லைட்டையும் பாருங்கள். பிரேக் தட்டைச் சுழலாமல் பிடிக்கும் இரும்புக் கையின் நட்டைத் தளர்த்தியிருந்தால் இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். அந்தக் கை கழன்றால் தட்டு சுழன்று சில்லு பூட்டிக்கொள்ளும். ஆளில்லாத வீதியில் சறுக்கும், காலி முகத்திடலடியில் பஸ்ஸுக்கு முன்னால் என்றால் யோசித்துப் பாருங்கள்.

பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பற்றரியைக் கழற்றும்போது முதலில் மறை முனை. ஒயில் டப்பாவில் பைக் ஒயிலுக்கான தரக் குறி 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' இருக்கட்டும், கார் ஒயிலில் கிளட்ச் வழுக்கக்கூடும். பழைய ஒயிலை வெள்ளவத்தைக் கால்வாயில் ஊற்றாமல் கராஜில் கொடுங்கள்.

இறுக்கும்போது போல்ட் திடீரென்று இலகுவாகச் சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். பசை பூசாதீர்கள், பெரிய போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள், ஓட்டியும் வராதீர்கள். ஒயிலை வடித்து, பைக்கைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ வாருங்கள். அந்த நிலையில் துளையைப் பெருப்பித்துக் கம்பிச்சுருள் புரி போட்டுவிடலாம், ஒரு மத்தியானத்து வேலை. பசை பூசி, வெடித்து, ஒயில் இல்லாமல் ஓடி வந்தபின் பெட்டியையே பிரிக்க வேண்டும்.