‘எத்னிக்’ என்பதற்குத் தமிழில் என்ன?

கோவை ஒப்பணக்கார வீதிப் பக்கம் பெரிய துணிக்கடைக்குள் போனால் ‘எத்னிக் வேர்’ என்று ஒரு பகுதி இருக்கும். குர்தா, பட்டுப்பாவாடை, கரை வேட்டி எல்லாம் அங்கேதான். பட்டுப்பாவாடை எத்னிக் என்றால் ஜீன்ஸ் என்ன? அண்மையில் ஒரு தம்பி, “எத்னிக்னா பழைய காலத்து டிரஸ்தானே அண்ணா?” என்று கேட்டான். இல்லை, இந்தச் சொல்லின் கதை வேறு.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘எத்னோஸ்’ என்றால் ஒன்றாகத் திரளும் கூட்டம். பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் தேனீக் கூட்டத்தைக்கூட இந்தச் சொல்லால் சொல்கிறார். அப்புறம் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், யூதரல்லாத மற்ற மக்களைக் குறிக்க இதன் பன்மையை எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியில் ஆங்கிலத்துக்கு வந்த ‘எத்னிக்’ பல நூற்றாண்டுகளுக்குப் புறச்சமயத்தவன் என்ற பொருளிலேயே கிடந்தது. ‘எத்னிசிட்டி’, அதாவது இன்ன மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற தன்மை, சமூகவியல் சொல்லாகப் புழங்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். ஆக, ‘நாமல்லாத யாரோ’ என்ற வாடை அதில் ஆதியிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர்க் கடையில் நம்ம உடைக்கே அந்தப் பெயரை மாட்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

தமிழில் நேராக நிற்பது ‘இனம்’. வண்டினம், ஆனினம் என்கிறோம்; ஒத்த எழுத்துகளைச் சேர்த்து வல்லினம், மெல்லினம் என்கிறோம். கிரேக்கத்தில் தேனீ என்றால் இங்கே வண்டு! திருக்குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அதில் 452ஆம் குறள்:

நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு
இனத்தியல்ப தாகும் அறிவு.

தண்ணீர் எந்த மண்ணில் நிற்கிறதோ அதன் தன்மைக்கு மாறும், மனிதனின் அறிவு அவன் சேர்ந்த கூட்டத்தின் தன்மைக்கு மாறும். இங்கே இனம் என்றால் கூடிப் பழகும் கூட்டம். பிறப்பைப் பற்றிய பேச்சே இல்லை.

கொங்கு நாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எப்போதோ கன்னட நாட்டிலிருந்து நெசவோடு வந்து இங்கே வேரூன்றியவர்கள் தேவாங்கர். சிறுமுகையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டி “ஊட்டா ஆயித்தா?” என்று பேரனிடம் கேட்கிறார், அவன் கைபேசியிலிருந்து தலை தூக்காமல் “சாப்டாச்சு பாட்டி” என்கிறான். குழித்தறி இருந்த இடத்தில் இப்போது பைக் நிற்கிறது, பேரனுக்குக் கன்னட எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் சௌடேஸ்வரி அம்மன் திருவிழா வந்தால் அதே பையன் உடம்பில் கத்தி போட்டுக்கொண்டு ‘தீசுக்கோ தாயே’ என்று ஆடிப் போகிறான். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், அம்மன் முன்னால் ‘எடுத்துக்கொள்’ என்று பொருள்படும் ‘தீசுக்கோ’ என்ற தெலுங்குச் சொல்! எதை வைத்து இவர்கள் ஓர் இனம்? மொழியா, தொழிலா, உடையா? எல்லாம் மாறிவிட்டதே.

நார்வே நாட்டு மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் சொன்னது இங்கே பொருந்தும். ஒரு கூட்டத்தின் பழக்கவழக்கம் எவ்வளவு மாறினாலும், ‘நாங்கள் இன்னார், நீங்கள் இன்னார்’ என்று இரு தரப்பும் போட்டுக்கொள்ளும் எல்லைக்கோடு நிற்கும்வரை அந்த இனம் நிற்கும் என்றார்.

சரி, எத்னிசிட்டிக்கு ‘இனத்துவம்’. இலங்கைத் தமிழர் நெடுநாளாகவே இதை எழுதுகிறார்கள், நாமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். எத்னிக் ஐடென்டிட்டி ‘இன அடையாளம்’. எத்னிக் குரூப்புக்கு ‘இனக்குழு’ என்று பலர் எழுதுகிறோம், ஆனால் ‘இனக்குழுச் சமூகம்’ என்று பழங்குடி வாழ்வையும் குறிப்பதால் இடம் பார்த்துப் போட வேண்டும். ‘சாதி’ என்று பெயர்ப்பது தவறு, ஒரே இனத்துவத்துக்குள் பல சாதிகள் இருக்கலாம். கடைக்காரருக்கு ‘மரபுடை’ போதும்.

பேச்சில் இன்னும் எளிய சொல் ஒன்று இருக்கிறது. பேரனுக்கு வரன் வந்ததும் அந்தப் பாட்டி கேட்ட முதல் கேள்வி, “நம்மவரா?” தமிழில் நம்மவர், கன்னடத்தில் நம்மவரு. பாட்டி எந்த மொழியில் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.