டெபியன் கோப்புறைக்குள் என்ன இருக்கிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அரசுப் பள்ளியில் படித்த பலர் லினக்ஸ் இயங்குதளத்தை முதலில் பார்த்தது, 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில்தான் இருக்கும். அவற்றில் பலவற்றில் இருந்த பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியனில் ஒரே கட்டளையில் லோகித் தமிழ் எழுத்துரு வந்து சேர்ந்துவிடும். இப்படி நிறுவத் தயாராகக் கட்டி வைத்த தொகுப்புதான் பேக்கேஜ். அதற்குப் பின்னால் இருப்பவை சில சிறிய உரைக்கோப்புகள்.

அவை 'டெபியன்' என்றே பெயரிட்ட கோப்புறையில் இருக்கும். நிரலைக் கட்டவும் (மூலநிரலிலிருந்து தயாரிக்கவும்) ஓட்டவும் எந்தெந்த பேக்கேஜ் வேண்டும் என்று கண்ட்ரோல் கோப்பு சொல்லும். கட்டும் வழி ரூல்ஸ் கோப்பில், உரிமம் காப்பிரைட் கோப்பில். பதிப்பு எண் சேஞ்ச்லாக் கோப்பின் முதல் பதிவிலிருந்து வருகிறது. 1.4-2 என்று இருந்தால், 1.4 என்பது நிரலாளர் வெளியிட்ட எண். கோட்டுக்குப் பின்னால் உள்ள 2, அதே நிரலுக்கு டெபியன் பராமரிப்பாளர் தயாரித்த இரண்டாவது பேக்கேஜ்.

அந்தக் கோடு முக்கியமானது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் லேபிளில் பிழை என்றால் லேபிளைத்தான் மாற்றுவார்கள், கூழை மறுபடி காய்ச்ச மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான்: நிரலாளரின் நிரலைத் தொடாமல் பேக்கேஜை மட்டும் மாற்றலாம். ஓர் உதாரணம்: 32 பிட் கணினிகளின் நேரக் கணக்கு 2038இல் நிரம்பி வழிந்துவிடும். அதைத் தவிர்க்க டெபியன் 2024இல் ஏராளமான நூலகங்களை (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்துண்டுகளை) மீண்டும் கட்டியது. பல நூலகப் பேக்கேஜ்களின் பெயரில் 'டி64' என்ற வால் ஒட்டிக்கொண்டது. நூலகப் பெயர்களைக் கையால் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். 'நீயே கண்டுபிடித்து நிரப்பு' என்று கண்ட்ரோல் கோப்பில் ஒரு மாறியை வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் மறுபடி கட்டினாலே போதும்.

சரி, இந்தக் கோப்புறையை நிரலாளர் தன் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா? வெளியீட்டில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. '3.0 குவில்ட்' என்ற மூலப் பேக்கேஜ் வடிவத்தில் டெபியன் பேக்கேஜைப் பிரிக்கும்போது, வெளியீட்டுக்குள் இருக்கும் டெபியன் கோப்புறையைக் கருவி நீக்கிவிட்டுப் பராமரிப்பாளருடையதை வைக்கும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையும், பேக்கேஜ் கட்டும் வழியைச் சொல்லும் தன் ஸ்பெக் கோப்புகளைத் தனிக் களஞ்சியத்தில்தான் வைத்திருக்கிறது. சோதனைக்காகத் தினமும் பேக்கேஜ் கட்டுகிறீர்கள் என்றால் தனிக் கிளையில் வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது தானாகக் கட்டப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். யாரும் தொடாமல் கிடக்கும் பழைய கண்ட்ரோல் கோப்பை நம்பி, புதிதாக வருபவர் ஒரு நாள் முழுக்க வீணாக்குவார்.

அதைவிட, தேவையான நூலகங்களை ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் தெளிவாக எழுதுங்கள். அப்புறம் வெளியீட்டு எண்களை ஒரே ஒழுங்கில் இடுங்கள்: புதிய வெளியீட்டை எங்கே தேடுவது என்று சொல்லும் வாட்ச் கோப்பைப் படித்து யூஸ்கேன் என்ற கருவி புதிய பதிப்பைக் கண்டுபிடிப்பது அந்த ஒழுங்கை வைத்துத்தான்.