'சும்மா பேச்சு' என்று எழுதிய கேசட்

போன மாதம் ஒரு நாகஸ்வரக் கலைஞரின் மகள் மஞ்சள் பை நிறைய கேசட் கொண்டுவந்தார். கச்சேரிக் கேசட்டுகளில் தேதி, ஊர், ராகம் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன. இரண்டில் மட்டும் 'சும்மா பேச்சு' என்று இருந்தது. "இதெல்லாம் வேண்டாம் சார், கச்சேரியை மட்டும் மாத்திக் கொடுங்க" என்றார்.

ஒலிநாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றும் இந்த வேலையில் இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன். மனசு பதறும். கச்சேரிக்கு வேறொரு பிரதி ரசிகர் வீட்டிலோ வானொலி நிலையத்திலோ இருக்கலாம். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்குக் கொறுக்கை என்ற நாணல் எப்படிப் பார்த்து எடுப்பார், குரு எதற்குத் திட்டினார், திருவிழாவில் எந்தத் தெருமுனையில் என்ன வாசித்தார் என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னது அந்த ஒரே கேசட்டில்தான் இருக்கும். அதன்மேல்தான் பிறகு யாராவது சினிமாப் பாட்டைப் பதிந்திருப்பார்கள். கேசட்டின் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை இன்றே உடைத்துவிடுங்கள். மேலே எதுவும் பதியாது.

என்ன இருக்கிறதென்று பார்க்க, வீட்டிலுள்ள பழைய டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்தது) போட்டுவிடாதீர்கள். கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் பூஞ்சை பிடித்திருக்கும். நாடாவை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னத் துண்டு, பசை காய்ந்து விழுந்திருக்கும். 120 நிமிடம் ஓடும் சி-120 ரக நாடா மெலிசு என்பதால் எளிதில் சிக்கிக் கசங்கும். கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு உடைந்திருந்தால் நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றிவிடலாம். கசங்கிய இடத்தை முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மாற்றும்போது ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். அது கொஞ்சம் விலகினாலும் 'ச', 'ஸ' மழுங்கிவிடும். பேச்சில் பாதி அர்த்தம் அங்கேதான் போகிறது. மூலக்கோப்பு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும். இரைச்சலை நீக்குவதெல்லாம் பிரதியில் செய்துகொள்ளலாம்.

காலமும் குறைவு. யுனெஸ்கோ 2019இல் கேசட் போன்ற காந்த நாடாக்களுக்காக ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே தொடங்கியது. நாடா கெடுவதைவிட, அதை ஓட்டும் கருவியும் உதிரிபாகமும் கிடைக்காமல் போவதுதான் பெரிய ஆபத்து. என்னிடமுள்ள ஒரு டெக்கை ஓடவைக்க இன்னும் இரண்டு டெக்குகளைப் பிரித்திருக்கிறேன்.

'சும்மா பேச்சு' கேசட் இரண்டையும் அந்த மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தே ஓட்டினேன். கேள்வி கேட்கும் குரலைக் கேட்டதும், "இது எங்க சித்தப்பா!" என்றார். அவர் சொல்லாவிட்டால் அந்தக் குரல் பெயரில்லாமலே போயிருக்கும். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் அப்பா, "மிஷினை நிறுத்துப்பா" என்கிறார். சித்தப்பா நிறுத்தவில்லை. அடுத்த ஏழு நிமிடம் வேறொரு குடும்பத்தின் விஷயம். அது மூலக்கோப்பில் அப்படியே இருக்கிறது. வெளியே கொடுக்கும் பிரதியில் இல்லை. அப்படி வைக்கலாம் என்று முடிவெடுத்தது மகள்தான். கிளம்பும்முன் பேனா கேட்டு வாங்கி, 'சும்மா பேச்சு' என்பதற்குக் கீழே இருவர் பெயரையும் எழுதினார்.