நலந்தட்டுதல், கருத்தடை, விதைநீக்கம்: கடுவன் நாய்க்கு எந்தச் சொல்?

வன்னியில் நாம்பனுக்கு, அதாவது இளங்காளைக்கு, நலந்தட்டுவது பழைய வழக்கம். இங்கே 'நலம்' என்றால் விதை. காயடித்தல், விதையடித்தல் என்பவையும் அதே வேலைதான். தட்டல், அடித்தல் என்ற வினை வரக் காரணம், மாட்டின் விதையை வெட்டி எடுக்காமல், அதற்குப் போகும் நாளத்தை வெளியிலிருந்தே நசுக்கிவிடுவது. இரத்தம் ஓடாமல் விதை சுருங்கிவிடும். இந்தச் சொல்லைக் கேட்டதும் மாட்டை விழுத்திக் கட்டும் காட்சிதான் கண்ணுக்குள் வரும். தன் நாய்க்கு இதைச் செய்விக்க ஒருவர் பின்வாங்குவதில் வியப்பில்லை. நாய்க்கு நடப்பது வேறு.

அதற்கு வழங்கும் 'நியூட்டர்' என்ற ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'இரண்டில் எதுவுமில்லை' என்பது மூலப்பொருள். தமிழில் பொதுவாகக் 'கருத்தடை' என்று எழுதிவிடுகிறார்கள். இது கடுவனுக்குப் போதாது. விந்துக்குழாயை மட்டும் கட்டினாலும் கருத்தடைதான். ஆனால் விதை இருக்கும், ஆண் ஹோர்மோன் சுரக்கும், பெட்டையைத் தேடி வேலி பாய்வதும் நிற்காது. 'ஆண்மை நீக்கம்' மனிதரின் மானத்தை நாயின் தலையில் ஏற்றுகிறது. செய்வதை அப்படியே சொல்வது 'விதைநீக்கம்'. நாங்கள் பரிந்துரைப்பதும் அதுவே.

நாயை முழுமையாக மயக்கி, விதைப்பைக்குச் சற்று முன்னால் நடுவில் ஒரு சிறு வெட்டுப் போடுவார்கள். அதன் வழியாக விதைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, இரத்தக் குழாயும் விந்துக்குழாயும் சேர்ந்த விதைநாணை இறுகக் கட்டி, அறுத்தெடுத்துத் தைப்பார்கள். ஆறு மாதமாகியும் ஒரு விதை இறங்கவில்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வயிற்றிலோ கவட்டிலோ தங்கிய விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அதையும் தேடி எடுக்க வேண்டும்.

சிறிய இனங்களுக்கு 6 முதல் 9 மாதம் ஏற்ற வயது. பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ந்து முடியும்வரை, 12 முதல் 18 மாதம்வரை, பொறுப்பது நல்லது. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம்; மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் மறக்கக்கூடாதது உண்ணி. உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்துவிடும், வெட்டிய இடம் கசிந்துகொண்டேயிருக்கும். நாய் சோர்ந்திருந்தால், பல் முரசு வெளிறியிருந்தால், முதலில் இரத்தப் பரிசோதனை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு 10 முதல் 14 நாள் கட்டிவையுங்கள், குளிப்பாட்ட வேண்டாம், நக்கவிடாமல் கழுத்துக் கூம்பு போடுங்கள். மூன்றாம் நாளே உசாராகிவிடும். அவிழ்த்துவிட்டு ஓடினால் உள்ளே இரத்தம் கசிந்து வெறும் பை மாங்காய் அளவுக்கு வீங்கும். பை இறுகிச் சூடாக இருந்தாலோ சீழ் வடிந்தாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். குழாயில் மிஞ்சிய விந்தால் பெட்டை சினைப்படலாம் என்பதால் ஆறு கிழமை விலக்கி வையுங்கள்.

அலைச்சலும், கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதும் குறையும். விதைப் புற்றுநோய் வராது, முதுமையில் புரஸ்டேட் வீங்காது. புணர்ச்சியால் தொற்றும் குறிக்கட்டி, கட்டாக்காலிகளோடு திரியும் நாய்க்கு வருவது, அதுவும் குறையும். வளவுக் காவல் குறையாது. பயத்தால் கடிக்கும் நாய் இதனால் மட்டும் திருந்தாது. உடலுக்குத் தேவையான சக்தி குறைவதால் சோற்றில் கால் பங்கைக் குறையுங்கள், இல்லையேல் கொழுத்துவிடும். விசர்நாய்த் தடுப்பூசி வேறு. அதை ஆண்டுதோறும் போட வேண்டும்.