மானிட்டர் வாங்கும் முன் சிபியுவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

புது மானிட்டர் வாங்கிய ஒரு வாரத்துக்குள் வரும் புகார்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். எழுத்து மங்கலாகத் தெரிகிறது, மவுஸ் இழுக்கிறது, திரை திடீரென்று கறுத்துவிட்டுத் திரும்ப வருகிறது. அலுவலகங்களிலும் வீடுகளிலும் கணினி பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மானிட்டர் நன்றாகவே இருக்கும். எந்த போர்ட்டில், எந்தக் கேபிளில் இணைத்திருக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. கடையில் திரையின் அளவையும் விலையையும் விசாரிக்கிறோம். நம் கணினியிலிருந்து அந்தத் திரைக்குப் படம் எந்த வழியாகப் போகும் என்று யாரும் விசாரிப்பதில்லை. கொடுத்த பணத்தில் பாதி அங்கேயே வீணாகிறது.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸெல் தாளில் நிறைய வரிசைகள் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று 27 அங்குல 4கே (3840க்கு 2160 புள்ளிகள்) மானிட்டர் வாங்கினார்கள். இணைத்த நாளிலிருந்து மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஸ்க்ரோல் செய்தால் எண்கள் துள்ளின. கணினி மெதுவாகிவிட்டது, ராம் கூட்ட வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று வரிசையாகப் போய்ப் பார்த்தேன். 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நொடிக்கு 60 முறையாவது புதுப்பிக்கப்பட வேண்டிய படம் 30 முறைதான் வந்துகொண்டிருந்தது.

காரணம் எளிது. இன்டெல் 6ஆம் தலைமுறையிலிருந்து 10ஆம் தலைமுறை வரை வந்த மேசைக் கணினிகளில், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால், பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும். 2009இல் வந்த அந்தப் பதிப்பால் 4கே படத்தை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்ப முடியாது. ஆனால் அதே சிபியுவின் பின்னால், எச்டிஎம்ஐக்குப் பக்கத்திலேயே, டிஸ்ப்ளே போர்ட் ஒன்று சும்மா இருந்தது. அதற்கான கேபிளும் மானிட்டர் பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துச் செருகியதும் 60 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது. ராமுக்குச் செலவு செய்ய வேண்டிய தேவை வரவில்லை.

எச்டிஎம்ஐயில் எல்லாப் பதிப்புக்கும் முனையின் வடிவம் ஒன்றுதான் என்பதால் இந்தக் குழப்பம் தீரவே மாட்டேன் என்கிறது. 1.4 நொடிக்கு 10.2 ஜிகாபிட் வரை அனுப்பும். 2013இல் வந்த 2.0 அதை 18 ஜிகாபிட்டாக உயர்த்தியது. 4கே 60 ஹெர்ட்ஸ் அதிலிருந்துதான் சாத்தியமானது. 2017இல் வந்த 2.1 பதிப்பில் உச்சவரம்பு 48 ஜிகாபிட். ஆனால் 2.1இன் புது அம்சங்கள் பலவும் கட்டாயமில்லை. பழைய 2.0 அளவுக்கு மட்டுமே வேகமுள்ள மானிட்டரையும் 2.1 என்று சொல்லி விற்க விதிமுறை இடம் கொடுக்கிறது. வாங்குகிறவருக்கு இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஆகவே பெட்டியில் அச்சிட்ட பதிப்பு எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். விவரக் குறிப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நேரே அதிகபட்ச ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் போட்டிருப்பார்கள், அந்த வரியைத் தேடுங்கள். 144 ஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்தும் சில மானிட்டர்களில் அந்த 144 டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும் கிடைக்கும், எச்டிஎம்ஐயில் குறைந்துவிடும். அப்புறம், சரியான போர்ட்டில் இணைத்தாலும் விண்டோஸ் சில நேரம் 60இலேயே நின்றுவிடும். மேலே சொன்ன அதே இடத்தில் போய் நீங்களே 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஸ்ப்ளே போர்ட்டைக் கணினியை மனதில் வைத்தே, திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2006இல் வெளியிட்டது. அதன் 1.2 பதிப்பிலேயே 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். இரண்டு பக்கமும் இது இருந்தால் நான் இதைத்தான் செருகுவேன். பல கேபிள்களின் முனையில் சின்னக் கொக்கி இருக்கும். மேலே உள்ள பட்டனை அமுக்கிக்கொண்டு கழற்றுங்கள். வேகமாக இழுத்து போர்ட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

நீல முனையுள்ள விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அனலாக் முறை என்பதால் கேபிள் நீளமாகவோ மட்டமாகவோ இருந்தால் எழுத்துகளின் ஓரத்தில் நிழல் விழும். சிபியுவிலும் மானிட்டரிலும் எச்டிஎம்ஐ இருந்தும், பழைய மானிட்டரிலிருந்து கழற்றிய நீலக் கேபிளையே பழக்கத்தில் செருகிவிடுகிறார்கள். கண் வலிக்கிறது என்று சொல்பவர்களின் மேசையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பழைய கணினியில் விஜிஏவோடு வெள்ளை நிற டிவிஐ போர்ட்டும் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டிவிஐயின் டிஜிட்டல் வகையை எச்டிஎம்ஐக்கு மாற்ற ஒரு சாதாரண இணைப்பு முனையே போதும்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது திசை முக்கியம். டிஸ்ப்ளே போர்ட் உள்ள கணினியிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் போகும் மலிவான கேபிள், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. எச்டிஎம்ஐ கணினியிலிருந்து டிஸ்ப்ளே போர்ட் மானிட்டருக்குப் போக, தனி மின்சாரம் எடுக்கும் வேறு கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் "இதிலிருந்து அதற்கு" என்று இரண்டு முனையையும் கையால் காட்டிக் கேளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருகிவிடுவார்கள். கார்டுக்குக் கொடுத்த பணம் அத்தனையும் உள்ளே தூங்கும். இன்டெல் பிராசஸரின் எண் எஃப் எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது, திரையில் எதுவுமே வராது. சிபியுவின் பின்னால் கீழ்ப்பகுதியில் கிடைமட்டமாக இருக்கும் போர்ட்டுகள்தான் கார்டினுடையவை.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இப்போது டைப்-சி ஆசை வந்திருக்கிறது. ஒரே கேபிளில் படமும் போகும், லேப்டாப்பும் சார்ஜ் ஆகும். உண்மையிலேயே அருமையான வசதி. ஆனால் எல்லா டைப்-சி போர்ட்டிலும் படம் வராது. போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளே போர்ட் குறியோ இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். குறி இல்லையென்றால் உங்கள் மாடலின் விவரக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் மானிட்டரைத் தேட வேண்டும். போனோடு வரும் சார்ஜிங் கேபிள் பலவற்றில் படம் போவதற்கான கம்பிகளே இருக்காது. மானிட்டர் எத்தனை வாட் திருப்பிக் கொடுக்கும் என்பதையும் பாருங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்பை 15 வாட் கொடுக்கும் மானிட்டரில் இணைத்தால், வேலை நடக்க நடக்க பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் வைத்திருப்பவர்கள் இரண்டு மானிட்டர் வாங்க நினைத்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள், அவை நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும்.

திரை கறுத்துக் கறுத்து வந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். குறிப்பாக, சுவருக்குள் பைப் போட்டு நீளமாக இழுத்த எச்டிஎம்ஐ. சாதாரண செப்புக் கேபிளில் 4கே 60 ஹெர்ட்ஸ் ஐந்து மீட்டரைத் தாண்டினால் நம்பகம் குறைந்துவிடும். அதற்கு மேல் தேவையென்றால் ஆப்டிகல் ஃபைபர் எச்டிஎம்ஐ போடுங்கள். அதில் கணினிப் பக்கம் எது, திரைப் பக்கம் எது என்று முனையில் எழுதியிருக்கும். பூசி மூடுவதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

சரி, திரைக்கு வருவோம். அளவு கூடினால் தெளிவு கூடும் என்பது தவறான எண்ணம். 1920க்கு 1080 புள்ளிகளை 24 அங்குலத்தில் அடுக்கினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள். அதையே 27 அங்குலத்தில் பரப்பினால் 82தான். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்துகளில் வளைவு அதிகம். ணை, ஞூ போன்றவை சிறிய அளவில் குழம்பிப்போகும், மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிழை திருத்துபவர், பத்திரம் எழுதுபவர், டிடிபி செய்பவர் இவர்களுக்கு 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560க்கு 1440 உள்ளதையே சொல்வேன். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள். பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையென்றால் 1080லேயே 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பேனல் வகையில் பொதுவான வேலைக்கு ஐபிஎஸ் போதும். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் கறுப்புப் பின்னணியில் எழுத்தை ஸ்க்ரோல் செய்தால் பல மாடல்களில் இழுவை தெரியும். புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம் "1 மில்லி செகண்ட்" என்ற விளம்பரத்துக்கு அலுவலக வேலையில் எந்தப் பொருளும் இல்லை. எச்டிஆர்10 (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் படமுறை) ஆதரவு என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் சிக்னலை மானிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்பதோடு சரி. அந்தப் படமுறைக்குத் தேவையான வெளிச்சம் அந்தத் திரையில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

அச்சுக்கு வடிவமைப்பவர்கள் மட்டும் நிறத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சிவகாசியில் காலண்டர் அடிக்கக் கொடுப்பவர், திரையில் பார்த்த சிவப்பு தாளில் வேறாக வந்தால் அச்சகத்தோடு சண்டை போடுகிறார். 45 சதவீத என்டிஎஸ்சி (பழைய டிவி நிறத் தரம்) என்று குறிப்பிட்ட திரை, கணினித் திரைகளின் பொதுவான நிறத் தரமான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடக் காட்டாது. 99 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அப்போதும் திரையின் நிறமும் மையின் நிறமும் முழுக்க ஒன்றாகாது, மாதிரி அச்சு எடுத்துத்தான் தீர வேண்டும்.

டிவியை மானிட்டராக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். ஆக்கலாம். டிவியின் மெனுவில் அந்த உள்ளீட்டின் வகையை பிசி என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் பல டிவிகளில் படத்தின் ஓரம் வெட்டுப்படும், நிற விவரம் பாதியாகக் குறைந்து சிவப்பு எழுத்துகள் கலங்கித் தெரியும். அப்படியும் எழுத்து வேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க டிவியை நான் பரிந்துரைப்பதில்லை.

மானிட்டர் வீட்டுக்கு வந்ததும் முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க நிரப்பிப் பாருங்கள். செத்த புள்ளி இருந்தால் அப்போதே தெரியும். ஒன்றிரண்டு புள்ளிக்காகப் பல நிறுவனங்கள் வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்கள். கடையோ இணையதளமோ கொடுக்கும் சில நாள் மாற்றுக் காலத்துக்குள் சொன்னால்தான் வழி உண்டு. அதுவரை அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பத்திரமாக வையுங்கள், அவை இல்லாமல் திருப்பி எடுத்துக்கொள்ள மறுப்பார்கள்.